பெருமாள் வீட்டில் இல்லை

காலையில் அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் நானும் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தெருமுனையில் ரொட்டிக்கடைக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் நடுவில் காஸல் என்ற ஊரில் இருக்கிறோம். நவம்பர் மாதம், இன்னும் விடிந்திருக்காது. தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நிற்போம். பேருந்து வரும், நிற்கும், கதவு திறக்கும். நான் தலையை ஆட்டுவேன். கதவு மூடும். ஒருநாள் ஓட்டுநர் பொறுமை இழந்து, "உங்களுக்கு எங்கே போக வேண்டும்?" என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். "அப்படியானால் இது உங்கள் இடமல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னார். இந்த நாட்டில் என்னை அதிகமாகக் கோபப்படுத்துவது இந்தக் கோபமில்லாத குரல்தான்.

பழைய வீட்டில் பதினோரு ஆண்டுகள் இருந்தோம். வீட்டுக்காரர் தன் மகனைக் குடியமர்த்த வேண்டும் என்றார். சட்டம் அவர் பக்கம். தேடியலைந்து கிடைத்த புது வீடு ஒரு பழைய கட்டடத்தின் பின்கட்டில் மூன்றாம் மாடி. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர். உள்ளே கைபேசிக்கு அலை வராது. ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினால் ஒரு கோடு தெரியும், குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். மற்றவர்களுக்கு அது போதும். எனக்குப் போதாது. என் அப்பாவுக்குக் குரல் இல்லை.

கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர் அவர். ஏலம் விட்டால் எதிர்வரிசையில் தேங்காய்க் கடைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள், அவ்வளவு குரல். சென்ற ஆண்டு தொண்டையில் வந்த புற்றுக்காக மதுரையில் அந்தக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது உதட்டாலும் கையாலும் பேசுகிறார். எனக்குப் பாதி புரியும், மீதியைத் தங்கை மலர் பக்கத்திலிருந்து சொல்வாள். ஆகவே படம் தெரிந்தால்தான் அவருக்குப் பேச்சு. படம் நின்றால் அவர் ஊமை. இதை எந்த இணைய நிறுவனத்தின் படிவத்திலும் எழுத இடம் இல்லை.

பேருந்து நிறுத்தத்திலிருந்து பேசிய நாலைந்தாம் நாள், அப்பா இரண்டு கைகளையும் கூரைபோலக் கூப்பினார். பிறகு வலது கையால் எதையோ வெளியே தள்ளினார். எனக்குப் புரியவில்லை.

"அண்ணே, ஒன்னைய வீட்ட விட்டு வெரட்டிட்டாகளான்னு கேக்குறாக" என்றாள் மலர்.

"அதெல்லாம் இல்ல. புது வீட்டுல இன்னும் இன்டர்நெட் வரலைன்னு சொல்லு."

"சொல்லாமயா இருக்கேன். நம்ப மாட்டேங்குறாக. நம்ம அனுமந்தன்பட்டியில மாட்டுக் கொட்டத்துல வருது, ஜெர்மனியில வரலையான்னு சிரிக்கிறாக. மதினி கையில என்ன பைங்கிறாக."

மனைவியின் கையில் இருந்தது வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பை. அதை உயர்த்திக் காட்டினாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இது சிரித்து மறக்கக்கூடிய விஷயமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் மதுரை மருத்துவர், கட்டி திரும்ப வளர்கிறது, மறுபடி கரண்டு வைக்க வேண்டும் என்றார். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தள்ளிப்போடக் கூடாது என்று மலரிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அப்பா வர மாட்டேன் என்றுவிட்டார். மகன் மருமகளோடு தெருவில் நிற்கிறான், இந்த நிலையில் எனக்கு வைத்தியம் ஒன்றுதான் குறைச்சலா என்பது அவர் கணக்கு. அவன் வீட்டுக்குள் நிற்பதைப் பார்த்தால் கிளம்புகிறேன், பார்க்காவிட்டால் இல்லை.

வீட்டைச் சுற்றிப் படம்பிடித்து, நிறுத்தத்துக்கு வந்து அனுப்பினேன். பார்த்தார். மலர் சொன்னாள்: "இது டிவில வர்ற மாதிரி இருக்காம்ணே. யாரு வீட்டையும் எடுக்கலாமாம். நான் திருப்புன்னா அது திரும்புமாங்குறாக." மண்டிக்காரர் பேச்சு அது. வாழைத்தாரைத் திருப்பி அடிச்சீப்பைப் பார்க்காமல் அவர் விலை சொன்னதில்லை. "தெரிஞ்சவுக யாரு வீட்டுலயாச்சும் நின்னு, இதுதான் வீடுன்னு பேசிரேண்ணே" என்று மலர் தனியாகக் கெஞ்சினாள். அலமாரியைத் திற, குழாயைத் திருகு என்று கேட்கக்கூடிய மனிதரிடம் இரவல் வீட்டைக் காட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

இந்த இடத்தில் கம்பத்தில் நான் பட்ட கோபத்தையும் சொல்லிவிட வேண்டும். அறுவைக்குப் பிறகு அப்பாவைச் சொந்த ஊரான அனுமந்தன்பட்டியிலிருந்து கம்பத்துக்கு, மலர் இருக்கும் தெருவிலேயே ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றினோம். அதற்காக விடுப்பில் வந்திருந்தேன். எல்லாவற்றையும் நாட்குறிப்பில் கட்டம் போட்டு எழுதுவது என் பழக்கம். நான்கு நிறுவனங்கள், வேகம், மாதக் கட்டணம், பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள் என்று எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொலைபேசியில் பதிவு செய்தேன். மறுநாள் ஓர் ஆள் கூப்பிட்டார். சேகர், அந்தத் தெருவின் கேபிள் டிவிக்காரர். நிறுவனத்தில் பதிந்தால் கேபிள்காரர் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு நிறுவனத்தில் பதிவு செய்தேன். மறுநாள் அழைப்பு வந்தது. "மறுபடியும் நாந்தான் சார்" என்றார்.

"நீங்க எந்தக் கம்பெனிய வேணாலும் எழுதுங்க சார். இந்தத் தெரு நம்ம ஏரியா. வயரு நம்ம வயரு. பேரு மட்டும் ஒங்க இஷ்டம்."

கேபிள் டிவியையும் சேர்த்து வாங்கினால்தான் இணைப்பு என்றார். அப்பா டிவி பார்ப்பதில்லை என்றேன். "பாக்காட்டி போகுது சார், அதுபாட்டுக்கு ஓடட்டும்" என்றார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு தெருவை ஒரு மனிதன் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும், எங்கள் நாட்டில் என்றால் இது நடக்குமா என்று மலரிடம் கத்தினேன். எங்கள் நாடு என்று நான் சொன்னது ஜெர்மனியை. மலர் அதைக் கவனித்தாள்.

ஆனால் சேகர் வந்த விதத்தையும் எழுதியாக வேண்டும். கதவு எண் கேட்கவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "மண்டிப் பெருமாளு புதுசா வந்துருக்காகளே, எந்த வீடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "பால் காய்ச்சியாச்சா?" என்றார். இன்னும் இல்லை, நாளைக் காலையில்தான் என்றாள் மலர். அவர் உள்ளே வரவில்லை. "காய்ச்சாத வீட்டுச் சொவத்துல நான் துளை போட மாட்டேன் ஆத்தா. நாளைப்பின்ன ஏதாச்சும்னா வயர்க்காரன் கைபட்ட நேரம்பாக." வெளியே மொட்டைமாடி வழியாகக் கம்பியை மட்டும் இழுத்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பால் பொங்கி அடங்குவதற்குள் வந்து, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, துளை போட்டார். அன்று மாலையே அப்பா கைபேசியைப் பார்த்து, சென்னையில் இருக்கும் மலரின் மகளிடம் உதட்டசைத்தார்.

இங்கே தேர்வுக்குக் குறைவில்லை. ஒப்பிட்டுக் காட்டுவதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. வீடு மாறுவது தெரிந்ததும் மறுபடி கட்டம் போட்டேன். பழைய நிறுவனமே இணைப்பை மாற்றித் தருமா, புதியது நல்லதா, ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று எல்லாம் எழுதி ஒன்றை எடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, எல்லா நிறுவனத்துக்கும் இந்தத் தெருவில் ஒரே கம்பி. அது ஒரே ஒருவருடையது. வேலைக்கு வரும் ஆள் இன்னொரு குத்தகை நிறுவனத்தைச் சேர்ந்தவர். பேரு மட்டும் என் இஷ்டம். சேகரிடமாவது சண்டை போட முடியும். வாசலில் வந்து நின்றவர் அவர், வேண்டுமென்றால் முகத்தைப் பார்த்துக் கத்தியிருக்கலாம். இங்கே கத்துவதற்கு முகம் இல்லை. டெர்மின், அதாவது வேலைக்கான நேரம், மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும். காலை எட்டிலிருந்து மதியம் ஒன்றுவரை வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த நாளுக்காக விடுப்பு எடுத்து, தெருவைப் பார்த்த மாடிப்படி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். குத்தகை நிறுவனத்தின் வண்டி வந்தது. ஆள் இறங்கினார். வாசலுக்கு வந்தார். மணி அடிக்கும் என்று கதவருகே ஓடினேன். அடிக்கவில்லை. கீழே இறங்கிப் போவதற்குள் வண்டி போய்விட்டது. கைபேசிக்குச் செய்தி வந்தது: வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.

நிறுத்தத்துக்குப் போய் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். நெடுநேர இசைக்குப் பிறகு ஒரு பெண் பேசினார்.

"ஹெர் பெருமாள், வாசல் மணிக்குப் பக்கத்துப் பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் இருக்கிறதா?"

"இருக்கிறது. நானே எழுதினேன்."

"பெருமாள் என்ற பெயர் இல்லை என்று எங்கள் ஆள் பதிந்திருக்கிறார்."

"பெருமாள் என் அப்பா. தவமணிதான் நான்."

"அப்படியா. உங்கள் அப்பா எப்போது வீட்டில் இருப்பார்?"

"அவர் இந்தியாவில் இருக்கிறார்."

"புரிகிறது. அடுத்த முறை அவர் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்."

எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னெழுத்துத்தான் அப்பா. பெ. தவமணி. கடவுச்சீட்டு எடுத்தபோது அந்தப் 'பெ' விரிந்து பெருமாள் ஆனது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஹெர் பெருமாள், அதாவது திரு பெருமாள். அலுவலகத்தில், வங்கியில், பல் மருத்துவரிடத்தில், எல்லோரும் என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். ஊரில் நான் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் 'மண்டிக்காரர் மகன்' என்பேன். இங்கே கட்டடத்துக்குள் வீடுகளுக்கு எண் கிடையாது, வாசல் பலகையில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் மணி அடிப்பார்கள். பழைய வீட்டில் பலகையை நிர்வாகம் செய்து மாட்டியது. இந்த வீட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, நல்ல எழுத்தில், என் பெயரை எழுதி மாட்டினேன். அதற்கு இதுதான் கூலி.

அந்த ஆள் இன்னொரு மணியை அடித்திருக்கலாம். கீழ்வீட்டுக்காரரிடம், புதிதாக வந்தவர்கள் எந்த மாடி என்று கேட்டிருக்கலாம். இங்கே கேட்க மாட்டார்கள். ஒருவர் இருப்பிடத்தை இன்னொருவரிடம் கேட்பது அந்தரங்கத்தில் தலையிடுவது, அதற்கு டாட்டன்ஷுட்ஸ், தகவல் பாதுகாப்பு, என்று ஒரு பெரிய சொல் இருக்கிறது. அந்தச் சொல்லின் பாதுகாப்பில் நான் மாடியில் உட்கார்ந்திருக்க, கம்பத்தில் ஒரு மனிதர் தன் தொண்டையில் வளர்வதை வளரவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த டெர்மின் கிடைக்க மேலும் இரண்டு வாரம். அதற்குள் மலர் மூன்று முறை அழுதுவிட்டாள். "தண்ணி முழுங்க ரெம்பச் செரமப்படுறாகண்ணே. வாங்கப்பான்னா கையக் கூப்பிக் கூரையக் காட்டுறாக." மனைவி என்னிடம், "ஒங்க பேரு அங்கன தொங்கி என்ன செய்யப்போகுது? கழத்துங்க" என்றாள். பலகையில் ஒரு பெயருக்குத்தான் இடம். என் பெயரை உருவி எடுத்துவிட்டு, அப்பாவின் பெயரை எழுதிச் செருகினேன்.

அதே ஆள்தான் வந்தார். மணி அடித்தது. நிலவறையில் ஒரு பெட்டியைத் திறந்து, இரண்டு கம்பிகளை இடம் மாற்றி, மேலே வந்து விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, கையெழுத்துக் கேட்டார். போன முறை ஏன் மணி அடிக்கவில்லை என்றேன். "நீங்கள் அப்போது இல்லையே" என்றார். நான் மேலே இருந்தேன் என்றேன். "பலகையில் இல்லை" என்றார், அதே கோபமில்லாத குரலில். எனக்கு வந்த கோபத்தை ஜெர்மன் மொழியில் சொல்லத் தெரியும். சொன்னால் அடுத்த பழுதுக்கு யார் வருவார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெருமாள் என்றுதான்.

உடனே கம்பத்தைக் கூப்பிட்டேன். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் எதிர்பார்த்தபடியே சோதித்தார். அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். குழாயைத் திருகச் சொன்னார். அலமாரியைத் திறந்து மனைவியின் சேலைகளைக் காட்டியதும் விரலை ஆட்டி, போதும் என்றார். பிறகு கூப்பிய கையைப் பிரித்து, மலரைப் பார்த்து ஏதோ உதட்டசைத்தார்.

"நாளைக்கே மதுரைக்குப் போவமாங்குறாக அண்ணே" என்றாள். "காரு சொல்லிரவா?"

"சொல்லு. இப்பவே சொல்லு" என்றேன்.

அப்பா முடிக்கவில்லை. கையைத் தூக்கி, மணி அடிப்பதுபோல ஒரு விரலால் காற்றை அழுத்தினார். எனக்கே புரிந்தது. வாசலைக் காட்டு. எந்த வீட்டையும் வாசலில் நின்று பார்த்தால்தான் பார்த்த மாதிரி. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி இறங்கினேன். வாழைக்காய்ப் பெட்டிகளில் அச்சடித்துப் பழகியதால் அவருக்கு அவருடைய பெயர் ஆங்கில எழுத்தில் தெரியும். அதை மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்ததும், உன் பெயர் எங்கே என்று கேட்பார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

இரண்டாம் மாடி திரும்பும் இடத்தில் படம் நின்றுவிட்டது. இணைப்பு அதுவரைதான் எட்டும் போலிருக்கிறது. அப்பாவின் உதடுகள் ஏதோ ஒரு சொல்லின் நடுவில் பாதி திறந்திருந்தன. ஒரு படி மேலே ஏறினால் அவர் அசைவார். கீழே இறங்கினால் வாசலில் அவர் பெயர் இருக்கும். மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. அவர் முகத்தின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படியிலேயே நின்றேன்.