ஆள் இறங்கியும் நிற்காத வண்டி

பெட்ரோலும் வெட்டின புல்லும் கலந்த ஒரு வாசனை... டெக்சாஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஜூன் மாத வெயிலில் மூக்கில் ஏறி உட்கார்ந்தால் குளித்தாலும் போகாது.

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கிய புதிது. சென்னை ஃபிளாட்டில் வளர்ந்தவனுக்கு ஒரு ஏக்கர் என்றால் ஜமீன். புல் வளர ஆரம்பித்த பிறகுதான் நான் ஜமீன்தார் இல்லை, பண்ணையாள் என்று புரிந்தது.

உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற மோவர் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நாலு தெரு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர், தன்னிடம் பழையது இருப்பதாகச் சொன்னார். அவர் கணவர் தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது.

"அவர் போனாப் பிறகு கராஜுக்கை சும்மா நிக்குது தம்பி. தாறதைத் தந்திட்டுக் கொண்டு போங்கோ."

எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை. மாரடைப்பாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வண்டியோடு வந்த டூல் பாக்ஸில் ஒரு நோட்டுத் தாள் இருந்தது. பொடிப்பொடியான தமிழ்க் கையெழுத்து, ஆன்ட்டியின் கணவருடையது. பெல்ற், பெயரிங், வடிகட்டி... ஒவ்வொன்றுக்கும் கம்பெனி நம்பர், பக்கத்திலேயே அதற்குப் பொருந்துகிற மலிவான வேறு கம்பெனி பார்ட்டின் நம்பர், வாங்கியதும் ஒரு டிக்.

எனக்கு அது புதையல். டீலரிடம் போனால் சொத்தையே எழுதித் தரச் சொல்வார்கள். இந்த நம்பரை நெட்டில் போட்டால் எங்கோ ஒரு கிடங்கிலிருந்து கால் விலைக்கு வந்துவிடும். அட்டைப்பெட்டி நசுங்கியிருக்கும், ஒரு போல்ட் குறையும், ரப்பர் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் கச்சிதமாகப் பொருந்தும்.

முதலில் பெல்ட் அறுந்தது. அடுத்து பேரிங். அப்புறம் ஃபில்டர்.

மூன்றாவது தடவைதான் கவனித்தேன்... தாளில் அவர் எழுதி வைத்திருந்த அதே வரிசை. தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அடுத்தது என்ன என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி வரி, சீற் சுவிச்... நம் பேச்சில் சீட் ஸ்விட்ச். அதற்கு மட்டும் டிக் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புல்லில் ஒரு கிளை விழுந்து கிடந்தது. எப்போதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் இறங்குவேன். அன்று சோம்பல், அப்படியே இறங்கிப் போய்க் கிளையை எடுத்துப் போட்டேன்.

திரும்பினால்... இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் பிளேடு சுற்றுகிற சத்தம். காலியான சீட் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

இந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். பிளேடு சுற்றும்போது ஆள் எழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை. யாரோ உட்கார்ந்திருப்பதாகவே வண்டி நம்பிக்கொண்டிருந்தது.

பயந்துகொண்டேதான் கிட்டே போய்ச் சாவியைத் திருப்பினேன். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி, ரொம்ப நேர்த்தியாகக் கட்டியிருந்தது.

நேராக ஆன்ட்டி வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"சுவிச் பழுதாப் போச்சு. மலிவானது ஒண்டு ஓடர் போட்டவர். வர மூண்டு கிழமை எண்டு சொன்னவங்கள். அதுவரைக்கும் புல்லுப் பொறுக்குமோ எண்டு வயரைக் கட்டிப்போட்டு ஓடினவர்."

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள், கொல்லையில் குளத்துப் பக்கச் சரிவில் எதையோ எடுக்க இறங்கியிருக்கிறார். பிளேடு சுற்றிக்கொண்டே வண்டி பின்னால் உருண்டு வந்து அவர் மேலேயே ஏறியிருக்கிறது.

"நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும் தம்பி. சொன்னா ஆர் வாங்குவினம்?"

உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்தார். பிரிக்கவே இல்லை. அவர் போன எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு அன்று, வீடு நிறையச் சனம் இருக்கும்போது தபாலில் வந்ததாம்.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் கவரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கே ஸ்விட்சை மாட்டினேன். பிளேடைச் சுற்ற விட்டு எழுந்தேன், இன்ஜின் பட்டென்று நின்றது. அந்த அமைதியில்... இன்னொருவரும் என்னோடு எழுந்து போனது போல இருந்தது.

அப்புறம் வேலை மாறி கலிஃபோர்னியாவில் சன்னிவேலுக்கு வந்துவிட்டோம். வண்டியை ஹூஸ்டன் ஆபீஸில் என்னோடு இருந்த கார்த்திக் வாங்கிக்கொண்டான். "முன்னாடி ஒரே ஓனர்தானாண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் அவனிடமிருந்து ஒரு மெசேஜ்.

"அண்ணா, சீட் ஸ்விட்ச் போயிடுச்சு. சீப்பா ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன், மூணு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் வயரை முறுக்கி விட்டுட்டேன். ஓகேதானே?"

உடனே கூப்பிட்டேன். எடுத்தான். பின்னால் இன்ஜின் சத்தம்.

"வண்டியிலயா இருக்கே?"

"இல்லண்ணா, உங்க கால் வந்துதேன்னு இறங்கி நிக்கறேன்."

சத்தம் நிற்கவில்லை.

"கார்த்தி, முதல்ல போய் சாவியைத் திருப்பு. அப்புறம் பேசு."

சில நொடிகள் அதே சத்தம்தான் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன்... விற்ற அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை.

இப்போது எங்களுக்குப் புல்லே கிடையாது. டவுன்ஹவுஸ், பால்கனியில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி, அவ்வளவுதான். சனிக்கிழமை முழுக்கக் கிரீஸ் கையோடு திரிந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. அப்போது வாரக்கணக்கில் காத்திருந்த சாமான்கள் இப்போது மறுநாள் காலை வாசலில் இருக்கின்றன. ஆனாலும் பக்கத்திலேயே இன்னும் மலிவாக ஒன்று, மூன்று வாரத்தில் வரும் என்று காட்டினால்... என் விரல் இன்றைக்கும் முதலில் அங்கேதான் போகிறது.