நடுமேட்டில் ஒரு மழை

காய்ந்து கிடந்த ஏரியில் புதுத் தண்ணீர் ஏறும்போது ஒரு மணம் வரும். ஆட்டுப் புழுக்கையும், உதிர்ந்து மக்கிய வேலம் இலையும், கோடை முழுக்க வெயிலில் வெந்த வண்டலும் சேர்ந்து நனைகிற மணம் அது. நல்ல மணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் அப்பா மட்டும் அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். தண்ணீரைக் காணாத ஊரில் பிறந்தவருக்குச் சேறும் சந்தனம்தான் என்று அம்மா கேலி பேசுவாள். அம்மாவும் அதே ஊர்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் அவளுக்கு நினைவுபடுத்த முடியாது.

இருவரும் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்தவர்கள். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிற வேலை. நாங்கள் குடியிருந்தவை எல்லாம் "லைன் வீடுகள்". ஒரே கூரைக்குக் கீழே தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கியதுபோல் ஒற்றை அறைகள், எல்லாருக்கும் பொதுவாக முற்றத்தில் ஒரு குழாய், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பக்கத்து அறைக்காரர் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கினால் பகலில் பிள்ளைகள் சிரிக்கக்கூடாது. ஒரு வீட்டுக்காரர் போகச் சொன்னால் அடுத்த லைன், அங்கேயும் சொன்னால் அதற்கடுத்த லைன். அப்பா ஷிப்ட் முடிந்தாலும் "ஓ.டி." பார்ப்பார், அது இல்லாத நாளில் டீக்கடையில் நிற்பார். வீட்டுக்கு வந்து என்ன செய்வது, காலை நீட்டினால் கதவு இடிக்கிறது என்பார்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர்தான் பேரிகை என்கிற ஊருக்கு அப்பால் இருந்த நடுமேட்டைப் பற்றிச் சொன்னார். பெரிய ஏரி ஒன்றின் நடுவே ஆமை முதுகுபோல் எழும்பிய மேடு, அதன் உச்சியில் பாறைகளை ஒட்டிச் சில வீடுகள். கோடையில் ஏரிக்குள்ளேயே நடந்து போய்விடலாம். மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர், பரிசல் இல்லாமல் போக்குவரத்து இல்லை. அதனால் அங்கே யாரும் நிலம் கேட்டுப் போவதில்லை, ஆகையால் நம்மைப் போன்றவர்கள் கேட்கலாம் என்பது அப்பாவின் கணக்கு. அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள், "கடக்கரையில பொறந்தவளே கரையிலதான் குடியிருக்கா. கரிசக்காட்டுக்காரி நான் தீவுக்குப் போகணுமாக்கும்."

சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தோம். நிலத்துக்குச் சொந்தக்காரி முனிரத்னம்மா, அம்மாவைவிடச் சில வயது மூத்தவள், கணவனை இழந்தவள், மகனோடு சேர்ந்து ரோஜா பயிரிட்டுப் பூக்கட்டுகளைப் பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். தமிழில் தொடங்கி, தெலுங்கில் வளர்த்து, கன்னடத்தில் முடிக்கிற பேச்சு. அவள் முதலில் எங்களை மேட்டின் உச்சிக்கு அழைத்துப் போய் ஒரு துண்டு நிலத்தைக் காட்டினாள். நிலம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது கல்லாங்குத்து, பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கட்டில் போட இடம் தேட வேண்டும். அப்பாவின் கண்ணோ கீழேயே இருந்தது. மேட்டின் அடிவாரத்தில், ஏரிப்படுகையைத் தொட்டாற்போல் கறுப்பு வண்டல் மண், கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் தெரிகிற ஒரு கிணறு, பக்கத்தில் கதிர் அடிக்கிற காலத்தில் தங்குவதற்காகக் கட்டிய ஓட்டுக் கொட்டகை. அப்பா அந்த மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் எதற்காகப் பாறைமேல் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது அவர் குற்றமும் இல்லை. எங்கள் சீமையில் தண்ணீர் இருக்கிற இடத்தை ஒட்டி வீடு கட்டுகிறவன் கொடுத்துவைத்தவன். தண்ணீரை விட்டுத் தள்ளிப்போய்க் கட்டுகிறவனைப் பார்த்தால் பைத்தியம் என்பார்கள். முனிரத்னம்மா சிரித்தாள். "பாக்கத்தான் நல்லாருக்கும்ணா, படுக்க ஆவாது" என்றாள். ஏரி ரொம்பி எத்தனையோ வருஷமாயிற்றாமே என்று அப்பா எதிர்வாதம் செய்தார். அது உண்மைதான், நாலைந்து வருஷமாக மழை சரியில்லை என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஆனால் பத்திரம் எழுத அவள் உடன்படவில்லை. நடுமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரார் யார் நிலம் கேட்டாலும் முதலில் "ஒரு மழை" இருக்க வேண்டும். வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. இருந்து பார்த்துவிட்டு, அந்த வீட்டுப் பெண் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். இது என்ன ஊரில் இல்லாத வழக்கம் என்று அப்பா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நீங்க கம்பெனி பஸ்ஸு ஏறிப் போயிருவீங்க. பகலெல்லாம் இங்க இருக்கிறது இந்தம்மாதானே. இருக்கறேன்னு இவங்க சொன்னாத்தான் நான் கையெழுத்து போடுவேன்."

இது விலையை ஏற்றுவதற்கான தந்திரம் என்று அப்பாவுக்குச் சந்தேகம். அம்மாவுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. ஒரு மழை முடிந்ததும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்ற நிம்மதியோடுதான் அவள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டினாள். ஆக, எங்களுக்கென்று ஒரு வீடு வாய்ப்பதும் வாய்க்காமல் போவதும் அம்மாவின் ஒரு சொல்லில் தொங்கியது. அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று அப்பாவுக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும்.

ஓட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடிபோனோம். ஆடியில் மழை பிடித்தது. ஏரியில் தண்ணீர் விரிந்து, நாங்கள் நடந்து வந்த தடத்தை மூடி, நடுமேடு மெல்ல மெல்லத் தீவானது. காலையில் பரிசலில் பார்க்க வேண்டும். கழுத்தில் கம்பெனி அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள், மடியில் ரோஜாக்கட்டுகள், இடுக்கில் என்னைப்போல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அக்கரை சேருமுன் யாராவது ஒருவருக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டுவிடும், உடனே பரிசல் முழுக்கப் பதறும். அப்பா மட்டும் பதறமாட்டார். டீக்கடையும் ஓ.டி.யும் அவருக்கு மறந்துபோயின. முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கி, வாசலில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து பார்க்க வந்த மாமா, மச்சான் கடலையே வளைத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அப்பா ஒரு வாரம் பூரித்திருந்தார்.

அம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. பரிசலில் ஏறினால் தலை சுற்றியது. பேசத் துணை இல்லை. பெண்கள் மூன்று மொழியைக் கலந்து பேச, இவள் நான்காவதாகச் சாத்தூர்த் தமிழைப் பேசினாள். அவர்கள் இவளுக்கு "சாத்தூரம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூப்பறிக்கக் கூப்பிட்டால் போவாள், களி கிண்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், பதிலுக்கு இவள் வைத்த வத்தக்குழம்பை அவர்கள் கண்ணில் நீர் வழியச் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பாள். ஆனால் மழை முடியட்டும், மழை முடியட்டும் என்பதே அவளுடைய ஜபமாக இருந்தது.

ஐப்பசியில் எங்கோ மேற்கே கொட்டிய மழையில் ஏரி நிறைந்து "கோடி போயிற்று". தண்ணீர் வழிந்து வெளியே ஓடுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அன்று காற்றும் பலமாக இருந்ததால் நண்பகலுக்குமேல் பரிசல் ஓடவில்லை. எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அப்பா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டிருந்தார். அம்மா அடுப்பில் உலை வைத்திருந்தாள். தண்ணீர் ஆர்ப்பாட்டம் ஏதும் இல்லாமல், கூப்பிடாத விருந்தாளிபோல் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. அம்மா அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி, என்னை மூட்டைமேல் ஏற்றி, அடுத்து எதைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றாள். அவள் அழுது நான் பார்த்த முதல் நாள் அது.

யாரும் கூப்பிடவில்லை, மேலேயிருந்து பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள், துணிமூட்டை, பெட்டி, சாமிப்படம். முனிரத்னம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி அடுப்பில் இருந்த உலையைப் பாதி வெந்த சோற்றோடு முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மேலே தன் அடுப்பில் ஏற்றி வேகவைத்து, வடித்து, அம்மாவின் கையிலேயே கொடுத்தாள். எங்கள் வீட்டில் தொடங்கிய சோறு இன்னொருத்தி வீட்டில் வெந்து எங்களுக்கே திரும்பி வந்தது. அம்மா அதைத் தொடவில்லை. அப்பா வரும் நேரமாயிற்று என்று பாறைமேல் போய் நின்றாள்.

அக்கரையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும். கையில் சாப்பாட்டுப் பை இருந்தது, குடை இல்லை. அங்கிருந்து எங்கள் கொட்டகையின் ஓடு மட்டும்தான் தெரிந்திருக்கும். அவர் தண்ணீருக்குள் இறங்குவதும், யாரோ பிடித்து இழுப்பதும், மறுபடி இறங்குவதும் தெரிந்தது. அம்மா என்னைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அத்தனை பெரிய பிள்ளையை எப்படித் தூக்கினாள் என்று தெரியவில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் குடம் ஒன்றை யாரோ கொடுக்க, அதையும் ஆட்டிக் காட்டினாள். அதன்பிறகுதான் அவர் அப்படியே கரையில் உட்கார்ந்தார். இருட்டும்வரை அவர் அங்கிருந்து எழவில்லை, அம்மாவும் பாறையை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலையில் காற்று அடங்கியதும் அப்பா முதல் பரிசலில் வந்தார். ஜன்னலை மூடித் தண்ணீர் நின்ற கொட்டகையைப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார், "போயிருவோம். லைன் வீட்டுக்கே போயிருவோம். நான் பாத்த எடம் சரியில்ல." ஆசைப்பட்டதை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கழற்றி வைத்துவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது. முனிரத்னம்மா அம்மாவைப் பார்த்தாள். மழை இன்னும் முடியவில்லை, அவசரம் இல்லை, தை பிறந்துகூடச் சொல்லலாம் என்றாள்.

அம்மா ஈரச்சேலையைப் பிழிந்து பாறைமேல் விரித்துக்கொண்டே பேசினாள். "தை வரைக்கும் என்னத்துக்கு? இருக்கோம். அந்தக் கல்லாங்குத்தக் குடுங்க. ஆனா வாசல் அக்கரையப் பாத்து இருக்கணும்."

முனிரத்னம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா நம்பாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரை தெற்கே இருந்தது. தெற்குப் பார்த்த வாசல் ஆகாது என்று கொத்தனார் முதல் ஊரிலிருந்து வந்த மாமா வரை எல்லாரும் சொன்னார்கள். அம்மா ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. தை மாதம் பத்திரம் அவள் பெயரில் ஆயிற்று. கருங்கல் பலகைகளை நட்டுச் சுவர் வைத்து, அப்பா விடுமுறை நாளெல்லாம் பாறையோடு மல்லுக்கட்டி, அடுத்த மழைக்குள் இரண்டு அறை எழுந்தது. முதல் வேலையாக நான் சுவரில் ஆணி அடிக்க முயன்றேன். கருங்கல்லில் ஆணி இறங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது நடுமேடு தீவு இல்லை. ஏரிக்குள் மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டுவிட்டார்கள். வேலை முடிந்து ஸ்கூட்டரில் நேரே வாசலில் வந்து இறங்குகிறேன். பரிசல்கள் போய்விட்டன. பஸ் ஹாரனுக்குப் பதறுகிற கூட்டம் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் மீன்குஞ்சு விடுகிறார்கள். வாசலுக்கே வண்டி வருவதால் இப்போது நிலம் கேட்டு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. காரை விட்டு இறங்காமலே விலை பேசுகிறார்கள், ஒரு மழை இருக்க யாருக்கும் நேரமில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. போன ஐப்பசியில் முனிரத்னம்மாவுக்கு நெஞ்சு வலித்தபோது, கொட்டுகிற மழையில் ஆம்புலன்ஸ் அவள் வாசலில் வந்து நின்றது. இன்று அவள் பேரனுக்குக் களி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். பரிசலாக இருந்தால் அது நடந்திருக்காது.

அந்தப் பெண்கள் சோற்றுலையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்பில்தான் அம்மா மனம் மாறினாள் என்று நான் பல வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் அதை அம்மாவை வைத்துக்கொண்டே என் தோழியிடம் சொன்னபோது, அம்மா இடைமறித்தாள்.

"அது நல்ல மனுசங்க செய்யிறதுதான். அவங்க நல்லவங்கன்னு எனக்கு ஆடி மாசமே தெரியும்" என்றாள். "ஒங்கப்பா அன்னிக்கு அக்கரையில நின்னாகல்ல, அதப் பாத்துத்தான் சொன்னேன். லைன் வீட்டுல இருந்த அத்தன வருசமும் அவுக ஒரு நாளும் வீட்டுக்குன்னு ஓடி வந்ததில்ல."

இதை அப்பாவிடம் எப்போதாவது சொன்னாயா என்று கேட்டேன். அப்பா வெளியே பாறை இடுக்கில் மண் கொட்டி ஏதோ ஒரு செடியை நட்டுக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சொன்னா மனுசன் தாங்குவாகளா" என்று சொல்லி, அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள்.