சுறா எண்ணெய் பூசிய எஞ்சின்

நாங்கள் சல்லி என்ற கடற்கரை ஊரில் இருக்கிறோம். என் கணவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்கு வியாபாரத்துக்குப் போவார். பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சீற்றுக்குக் கீழால் எஞ்சினில் இறங்கும். அது துருப்பிடிக்காமல் இருக்க, வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயையே அவர் எஞ்சினுக்கும் பூசுவார். கழுவாமல் மேலே மேலே பூசியதில் எஞ்சின் எப்போதும் கறுத்துப் பிசுபிசுத்தே இருக்கும்.

அன்று தங்கை வீட்டுக்குப் போக நானும் பின்னால் ஏறியிருந்தேன். கப்பல்துறையைத் தாண்டும்போது எஞ்சின் கறகறவென்று அரைத்தது. "நிப்பாட்டுங்கோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் இறுகி, பின்சில்லு சுற்றாமல் நின்றுவிட்டது. நான் ரோட்டில் விழுந்தேன். பின்னால் வந்த பஸ் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

மெக்கானிக் எண்ணெய்ப் பிசுக்கை வழித்தபோது அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது.

"உப்பை உள்ளுக்கு வச்சுப் பூசியிருக்கிறியள். அது அரிச்சு ஓட்டை விழுந்து, எஞ்சின் ஒயில் முழுக்க ஒழுகிப்போச்சு" என்றார்.

"கீழை சொட்டினதைச் சுறா எண்ணெயெண்டு நினைச்சனான்" என்றார் கணவர்.

எஞ்சினைத் திருத்தியாயிற்று. இப்போது அவர் வந்ததும், எஞ்சின் ஆறியபின் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கிறோம். ஒழுகினால் தெரியவேண்டும் என்பதால் எதுவும் பூசுவதில்லை. காலையில் எஞ்சினின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவரை அனுப்புகிறேன். இடக்கையால்தான் தடவுகிறேன். அன்று விழுந்ததில் முறிந்த வலக்கையை இனி நீட்ட ஏலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.