வராண்டாவுக்குப் போகாத கட்டில்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டாகிறது. அவரைப் பொறுமையே உருவானவர் என்று எழுதும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். மன்னிக்க வேண்டும்; அக்கா அப்படிப்பட்டவர் அல்லர்.

தூத்துக்குடியில் பிறந்தவர். படகுப் பட்டறை வேலைக்காக அப்பா அந்தமானின் போர்ட் பிளேயருக்கு வந்தபோது எங்களோடு கப்பலேறினார். பிறகு மெயின்லாந்தில் நர்ஸ் படிப்பை முடித்துத் திரும்பினார். "ஊரான் அழுக்கைக் கழுவுற வேலை நம்ம பிள்ளைக்கு எதுக்கு?" என்றார்கள் உறவினர்கள். அக்கா மறுநாளே போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் வேலையில் சேர்ந்தார்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். காடு வெட்டும் ஆட்களுக்குச் சமைத்துவந்த ராஞ்சிப் பெண் ஒருவர் தீக்காயத்தோடு வார்டுக்கு வந்தார். புண் சீழ்பிடித்து நாறியது. அதே வார்டில் எங்கள் சித்தி மலேரியாவில் படுத்திருந்தார். பார்க்க வந்த சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பெண்ணை நோக்கிக் கையை நீட்டி, அக்காவிடம் சொன்னார்.

"அதைத் தூக்கி வராண்டாவுல போடச் சொல்லு. ஒஞ் சித்திக்கு மூச்சு முட்டுது."

தமிழ் தெரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்குக் கை நீண்டது புரிந்துவிட்டது. "பாஹர் மத் பேஜோ, சிஸ்டர்" என்று, வெளியே அனுப்பிவிடாதபடி கெஞ்சினார்.

"அதுன்னு சொல்லாதீங்க சித்தப்பா. வெளிய சாரல் அடிக்குது, ஈ மொய்க்கும். முடியலைன்னா சித்தி கட்டிலை ஜன்னல் பக்கம் மாத்துறேன். இவங்க இங்கதான் இருப்பாங்க."

அன்றே அந்தக் கட்டிலைச் சுற்றி அக்கா மறைப்புக் கட்டினார். கட்டுத்துணியைப் பிய்க்காமல், ஆறிய வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தார். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறார் என்பதை இந்தியில் சொல்வார். ஒரே பக்கம் கிடக்கவிடாமல் திருப்பிப் படுக்கவைப்பார். மற்ற நர்ஸ்களும் அவ்வாறே செய்யும்படி பார்த்துக்கொண்டார்.

சித்தப்பா, தாம் பேசி முடித்திருந்த அக்காவின் கல்யாணத்தை நிறுத்தினார். "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா என்னளா?" என்று அம்மா அழுதார்.

"எந்தத் தப்புக்கும்மா?"

சில வாரங்களில் அந்தப் பெண் இறந்துபோனார். மாதா கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் சித்தப்பா கேட்டார்: "பிழைச்சாளா? என்னத்தைக் கண்ட?"

அக்கா தலை குனியவில்லை. "பிழைக்கல சித்தப்பா. ஆனா நாறிக் கெடக்கல. முதுகுல ஒரு படுக்கைப்புண் வரல. பேர் சொல்லிக் கூப்பிட ஆள் பக்கத்துல இருக்க, கட்டில்லதான் செத்தாங்க."

அக்கா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறுநீரகக் கோளாறில் படுத்தபோது அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, வலியைக் கேட்டறிந்து பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும் ஆயாக்களுக்கும் எங்கள் முதல் நன்றி. அடக்கத்தன்று தோள் கொடுத்த வங்காளி, தெலுங்கு அண்டைவீட்டாருக்கும் நன்றி.

வாழ்க்கையை வீணாக்கிக்கொண்டவர் என்று இன்றும் சொல்வோருக்கும் இந்த நினைவு மலரை அனுப்பியிருக்கிறேன். என் மகள் அடுத்த கப்பலில் நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கை