கருப்பம்மாளிடம் கேட்காத கேள்வி

எம். புதுப்பட்டி கருப்பம்மாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. பட்டாசு கம்பெனியில் சரம் பின்னியவர். போன ஐப்பசியில், ஐம்பத்தொரு வயதில் இறந்துபோனார். சமரச அமர்வில் உட்காருகிறவர்களின் பயிற்சியை இந்த வட்டாரத்தில் தலைகீழாக மாற்றியவர் அவர். பயிற்சிப் புத்தகத்தில் இருப்பது என் பெயர்.

என் பெயர் தனுஷ்கோடி. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள்தான் முக்கால்வாசி வேலை. கையில் நாலு காசும் வெள்ளை வேட்டியும் இருந்தால் ஊரில் பெரிய மனிதர் ஆகிவிடலாம் அல்லவா, அப்படித்தான் நானும் அமர்வு உறுப்பினரானேன். வழக்கை நீட்டாமல் இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் இடம் அது. நீதிபதிக்குப் பக்கத்து நாற்காலியில் பொதுமக்களில் ஒருவர் சம்பளம் இல்லாமல் உட்காருவார். அங்கே எழுதிக் கையெழுத்தானால் ஆனதுதான். மேல்முறையீடு கிடையாது.

இப்படி உட்காருகிறவர்களுக்கு விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி. காலையில் சட்டம், மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ். ஒன்பது வருடம் அதை நடத்தியவன் நான். "இரண்டு தரப்பையும் கேளுங்கள்" என்று அடித்தொண்டையில் முழங்குவேன். எனக்கே புல்லரிக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மகளிர் குழுத் தலைவி என்ற முறையில் கருப்பம்மாள் பயிற்சிக்கு வந்தார். சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகும் நேரத்தில் எழுந்து நின்றார்.

"ஐயா, காலையிலேருந்து ரெண்டு தரப்பையும் கேளுங்க, கேளுங்கங்கீக. புருசன் செத்து ஒம்பது நாளான பொம்பளை எந்தத் தரப்பு? அவளுக்குப் பதிலா அவ கொழுந்தன்ல பேசுறான்?"

"ஏம்மா, பசி நேரத்துல வக்கீல் கணக்கா மடக்குறியே" என்றேன். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எம் புருசன் பேரு ஊர்க்காவலன். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு மருந்து கலக்குற ரூம்ல செத்தாரு. கூட இன்னும் மூணு பேரு" என்றார்.

அந்த வழக்கில் நாற்காலியில் இருந்தவன் நான்.

அவர்கள் ஊர் வழக்கப்படி, புருஷனை இழந்தவள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வெளி ஆண்கள் முன்னால் வாய் திறக்கமாட்டாள். நாற்காலியில் உட்காரமாட்டாள். கொழுந்தன்தான் பேசுவான். அன்றைக்குக் கருப்பம்மாள் முக்காடு போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த நஷ்டஈட்டுக் காகிதத்தில் 'ஊர்க்காவலனின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது' என்று ஒரு வரி இருந்தது. நான் கொழுந்தனைப் பார்த்து, "அண்ணிக்குச் சம்மதம்தானப்பா?" என்றேன். "ஆமாங்கய்யா" என்றான். யாரோ அவர் கையில் பேனாவைத் திணித்தார்கள். அன்று ஒரே நாளில் பதினெட்டு வழக்கு முடித்தோம் என்று எனக்குச் சால்வை போட்டார்கள்.

நடந்தது வேறு. தீபாவளி ஆர்டருக்காக நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் பதினோரு பேரை அடைத்திருந்தார்கள். ஆகாது என்று ஊர்க்காவலன் முதல் நாளே போர்மேனிடம் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு வரிதான். செத்த மற்ற மூன்று பேரின் வீடுகளும் கருப்பம்மாளின் தெருவிலேயே இருந்தன. எங்கள் பிள்ளைகளைக் கொன்றவன் பெண்டாட்டி என்று பேச்சை நிறுத்தினார்கள். நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. "பொண்டாட்டியே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காளே" என்றே பேசினார்கள்.

மண்டபத்தில் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் நானே போய், "அன்னைக்கு நான்தான்மா இருந்தேன்" என்றேன்.

"தெரியும்யா. உங்களப் பாக்கத்தான் வந்தேன். இந்தக் கிளாஸை மாத்துங்க" என்றார்.

அதன்பிறகு இரண்டு வருடம், வேலைக்கு லீவு போட்டு, பஸ் ஏறி அச்சகத்துக்கு வருவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பதினாறு நாள் முடியாமல் எந்தப் பெண்ணையும் அமர்வுக்கு அழைக்கக் கூடாது. தனி அறையில் ஒரு பெண் உறுப்பினர் அவளிடமே கேட்கவேண்டும். காகிதம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும். செத்தவர் மேல் குற்றம் எழுதியிருந்தால் இரண்டு தடவை கேட்கவேண்டும்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. மண்டபத்தில் இதைச் சொன்னதும் உறுப்பினர்கள் முரண்டு பிடித்தார்கள். முடித்த வழக்கின் எண்ணிக்கை குறையுமாம். எல்லாருக்கும் மூத்தவரான ராஜபாண்டியன் அண்ணாச்சி, "ஊரு வழமையை நாம மாத்த முடியுமாவே?" என்று துண்டை உதறினார்.

கருப்பம்மாள் அவரிடம் வாதாடவில்லை. "அண்ணாச்சி, சித்த நேரம் தரையில உக்காருங்க" என்றார். அதே துண்டால் அவருக்கு முக்காடு போட்டுவிட்டார். அவர் வாய் திறக்கக் கூடாது, பக்கத்தில் இருக்கிறவர்தான் பதில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அண்ணாச்சியின் வீட்டை விற்கச் சம்மதமா என்று கேட்டோம். பக்கத்து ஆள் "சம்மதம்" என்றார். கடையை மூடச் சம்மதமா? "சம்மதம்." மூன்றாவது கேள்வி வருவதற்குள் அண்ணாச்சி துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"ஏலே, என்னையக் கேளுலே!"

அன்றைக்கு மண்டபம் சிரித்த சிரிப்பில் கருப்பம்மாளும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இப்போது எல்லாப் பயிற்சியும் அந்த முக்காட்டில்தான் தொடங்குகிறது. புதுமுறைப்படி வந்த முதல் வழக்கில், விஸ்வநத்தத்துப் பெண் ஒருத்தி தனி அறையில், பெண் உறுப்பினராக இருந்த கருப்பம்மாளிடம் வாய்விட்டு அழுது, "செத்தவுக மேல தப்புன்னு எழுதுன அந்த வரி வேண்டாம்" என்றாள். அடித்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கருப்பம்மாள் கேட்டார்: "எம் பேப்பர்ல அந்த வரியை அடிக்க முடியுமாய்யா?"

முடியாது என்றேன். சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரிய்யா. ஒரே ஒரு காரியம் செய்யுங்க. எங்க தெருவுக்கு வந்து அந்த மூணு வீட்லயும் சொல்லுங்க, கருப்பம்மாளை நாங்க கேக்கவே இல்லைன்னு. நாஞ் சொன்னா யாரும் நம்பல. நாற்காலியில இருந்தவுக சொன்னா நம்புவாக."

"வாரேம்மா" என்றேன்.

போகவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி முதலாளி என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர்கள் லேபிள் முழுக்க என் அச்சகத்தில்தான் ஓடுகிறது. சீசன் முடியட்டும் என்றேன். தீபாவளி கழியட்டும் என்றேன். அவர் மூன்று தடவை ஞாபகப்படுத்தினார். மூன்றாவது தடவை, "வேல்விழிக்கு மாப்பிள்ளை பாக்கோம்யா, தெருவுல நாலு பேரு வரணும்ல" என்றார். வேல்விழி அவருடைய ஒரே மகள், நர்ஸ். அப்போதும், "அடுத்த வாரம் கண்டிப்பா" என்றேன். வெட்கங்கெட்டவன். புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு போட மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

அவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள்தான் இருந்தார். வேல்விழி போன் செய்து, "அம்மா தவறிட்டாகய்யா" என்றாள்.

நான் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. கம்பெனிப் பெண்கள் கொஞ்சம் பேர், எங்கள் உறுப்பினர்கள் ஐந்தாறு பேர். அந்த மூன்று வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. எதிர் வீடு முத்துமாரியம்மாளுடையது. அந்த விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர்.

எனக்கு மாலையைப் போடக் கை வரவில்லை. மாலையோடு தெருவைக் கடந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கிழவி பாதி திறந்தார். நாற்காலியில் இருந்தது நான், கருப்பம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கொழுந்தனைக் கேட்டு எழுதிவிட்டோம், ஊர்க்காவலன் மேல் தப்பில்லை, பதினோரு பேரை அடைத்ததுதான் தப்பு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். தெரு கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். நான் அழுதேன். அது யாருக்கு என்ன பிரயோஜனம்?

முத்துமாரியம்மாள் எதிரே இருந்த பந்தலைப் பார்த்தார்.

"பதினோரு வருசமா அவ இந்த வாசல்ல நின்னு 'யக்கா, ஒரு நிமிசம்'னு கூப்பிட்டா. ஒவ்வொரு வாட்டியும் மொகத்துக்கு நேரே கதவைச் சாத்துனேன்யா" என்றார். "இப்ப வந்து சொல்லுதீகளே. இனிமே நான் யாருக்குத் தொறக்க?"