பெண்கள் பக்கத்துத் தூளி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். விஜயகுமாரி இன்றைக்கும் திருப்பூரில்தான் இருக்கிறாள். கேட்டால் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள்.

2008. நாடக மேடையாகத் தொடங்கி, சினிமாக் கொட்டகையாகி, கடைசியில் பூட்டிக் கிடந்த பழைய தியேட்டர் அது. ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் மறுபடியும் கூத்தும் பாட்டும். பக்கத்தில் புதிதாக நூலகம். பெண்கள் உட்காரும் பகுதியில், மனு எழுதுவது முதல் ஓட்டுரிமை வரை சொல்லித்தர ஒரு வகுப்பறை.

அங்கே கூட்டிப் பெருக்க வந்திருந்தாள் விஜயகுமாரி. அதற்கு முன் பனியன் கம்பெனியில், தைத்து வரும் உடுப்புகளில் பிசிறு பார்க்கும் செக்கிங் வேலை. பத்து மாதத்து மகன் காய்ச்சலில் போய்விட்டான். திரும்ப வேலைக்குப் போன அன்று, மேசை மேல் வந்து குவிந்தவை கைக்குழந்தைச் சட்டைகள். ஒன்றை எடுத்து விரித்தாள். அப்படியே எழுந்து வந்தவள்தான்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஜன்னல் இல்லாத அரங்கம். பகலிலும் கும்மிருட்டு.

பெண்கள் பகுதியின் பின்சுவரை ஒட்டி, உத்தரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள் தொங்கின. படம் பார்க்க வரும் தாய்மார்கள் சேலையால் தூளி கட்டுவதற்காக எப்போதோ அடித்து வைத்தவை.

கிறீச்...

எலியாக இருக்கும் என்று நினைத்தாள்.

கிறீச்... கிறீச்...

பாரம் தாங்கி ஆடும் சத்தம். அவள் தலையில் துரு உதிர்ந்தது. அப்புறம் ஒரு சிணுங்கல். பசிச் சிணுங்கல்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ரவிக்கை நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள்.

பால்.

நின்று மூன்று மாதமான பால்.

இருட்டில் கையை நீட்டினாள். விரலில் சேலைத் துணி பட்டது. உள்ளே... வெதுவெதுப்பு.

"இப்பத்தான் தூங்குச்சுங்க."

காதருகே ஒரு பெண் குரல்.

"எழுப்பிராதீங்க."

கரண்ட் வந்தது. யாரும் இல்லை. தூளியும் இல்லை. ஒரே ஒரு வளையம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் புதுக்கூரை வேலைக்காக வளையங்களை அறுக்க ஆள் வந்தது. இன்ஜினியர் அருள்குமாரிடம் கெஞ்சினாள். "அந்த ஒண்ண மட்டும் உட்ருங்க சார்..." அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை. அதற்குப் பிறகு அங்கே எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளிடம் ஆறுச்சாமி வந்தார். அந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். இப்போது வாட்ச்மேன். அவரிடம்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இங்க ஏதாச்சும் கொழந்தை செத்துருக்குதுங்களாய்யா?"

"இல்லீங்க அம்மிணி. செத்தது ஒரு பொம்பள. மயிலாள்னு பேரு. படம் ஓடறப்பவே நெஞ்சடைச்சு, தூளியப் புடிச்ச கையோட போயிட்டா. உள்ள கெடந்த பையனுக்கு ஒண்ணும் ஆகலீங்க. மங்கலத்துல தறி போட்டு இப்ப நல்லா இருக்கறான்."

மயிலாளின் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அப்படியென்றால் தூளியில் கிடந்தது...

அதை அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அந்தம்மா... கொழந்தைய நல்லாப் பாத்துக்குவாங்களாய்யா?"