நாதன் மாமா சத்தியம் பண்ணப் போன ஞாயிற்றுக்கிழமை

ஈர மரத்தில் அடித்த பெயின்ட் வாசம்... புது வேலி போட்ட வீட்டைக் கடந்து போனால் இன்றைக்கும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கும் நாதன் மாமா வீட்டுக்கும் நடுவில் நின்ற வேலி ஒரு புயலில் விழுந்தது. நாங்கள் பாரிசுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்த நேரம் மாமா புது வேலி போடுவித்துவிட்டார். திரும்பி வந்த அப்பா சூட்கேஸைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராகக் கார்டனுக்குப் போய்ப் பார்த்தார்.

"அரை அடி இஞ்சாலை, எங்கடை பக்கம் வந்திட்டுது. கள்ளன்!"

அது அந்தப் பக்கம் நின்ற மாமாவின் காதில் விழுந்தது. "பழைய இடத்திலைதான் நிக்குது!" என்று அவரும் கத்தினார். அவ்வளவுதான்...

நாதன் மாமா சொந்த மாமா இல்லை. அகதியாக வந்த புதிதில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் அவருடைய ஷிப்டையும் சேர்த்துச் செய்வாராம். அந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பா கவுன்டி கோர்ட்டில் வழக்குப் போடுவேன் என்று நின்றார். போட்டால் அந்த நட்பு அதோடு முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாதான் விடாமல் நக்கலடித்தார். "இஞ்சாருங்கோ, அந்த அரை அடியிலை என்ன, நெல்லே விதைக்கப் போறியள்?"

"இது நிலப் பிரச்சினை இல்லை. நியாயப் பிரச்சினை" என்பார் அப்பா.

நான் அப்போது ஸ்கூலில் ஜிசிஎஸ்ஈ பரீட்சைக்குப் படிக்கிறேன். வேலிச் சண்டைக்குக் கோர்ட்டில் என்ன செய்வார்கள் என்று போனில் தேடப் போய், எப்படியோ வெள்ளைக்காரன் காலத்து யாழ்ப்பாண சிவில் வழக்குகளுக்குள் போய் விழுந்துவிட்டேன்.

மக்களே... என்ன உலகம் அது!

எல்லை, கிணற்றுப் பங்கு, பனைமரப் பங்கு, எல்லாவற்றுக்கும் கோர்ட். நீதிபதிக்கு இங்கிலீஷ், சாட்சிக்குத் தமிழ், நடுவில் மொழிபெயர்க்க ஒரு உத்தியோகத்தர். தோற்றால் கொழும்புக்கு அப்பீல். பெரிய வழக்கென்றால் அதற்குப் பிறகும் கப்பலேறி லண்டனுக்கு! நாங்கள் அகதியாக வந்து சேர்ந்த ஊருக்கு எங்கள் காணிச் சண்டைகள் எங்களுக்கு முன்பே வந்திருக்கின்றன. யாருக்காவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. வகுப்பில் ஒருவரும் கேட்கத் தயாரில்லை.

அதில் ஒன்று என்னைப் பிடித்து உலுக்கியது. வழக்கு நடக்கும்போதே ஒருவர் எழும்பி, "அவன் கோயிலிலை சத்தியம் பண்ணட்டும், நான் வழக்கை விடுறன்" என்று சொல்லலாம். எதிராளி சம்மதித்தால், சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் கோர்ட்டே எழுதி, கூட ஒரு ஆளையும் கோயிலுக்கு அனுப்பும். சத்தியம் பண்ணினால் வழக்கு அங்கேயே முடிந்தது. மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த முடியாது. விக்டோரியா மகாராணியின் கோர்ட், தீர்ப்பு மட்டும் பிள்ளையாரிடம்!

சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "சரி. அவன் சத்தியம் பண்ணட்டும். பண்ணினால் நான் வாய் திறக்கமாட்டன்."

நான் அதை அப்படியே வேலிக்கு மேலால் எட்டிக் கத்தினேன். மாமா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றார்.

"அப்பாவிட்டைச் சொல்லு பிள்ளை, எந்தக் கோயிலெண்டாலும் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை, விம்பிள்டனில் கோயில். மத்தியானப் பூசை முடிந்திருந்தது. முன்பென்றால் கற்பூரம் கொளுத்தி அதை அணைத்துச் சத்தியம் பண்ணுவார்களாம். இங்கே ஃபயர் அலாரம் அடித்துவிடும். கையை நீட்டிச் சொன்னால் போதும் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். வார்த்தைகளையும் கோர்ட் மாதிரியே போனில் எழுதி வைத்திருந்தேன்.

மாமா கையை நீட்டினார்.

"வேலியை நான் நகர்த்தேல்லை. நகர்த்தச் சொல்லவும் இல்லை." குரல் கணீரென்று வந்தது.

"வேலி பழைய இடத்திலைதான்..."

நின்றுவிட்டார்.

அப்பா மாமாவின் முகத்தையே பார்த்தார்.

மாமா கையை இறக்கினார். "அண்ணை, அது எனக்குத் தெரியாது. வேலி போட்ட அண்டைக்கு நான் ஷிப்ட். வந்து பாக்கேக்கை போட்டு முடிச்சிட்டாங்கள்."

"அப்ப அண்டைக்குப் பழைய இடத்திலைதான் நிக்குது எண்டு ஏன் கத்தினனீ?"

"நீங்கள் என்னைக் கள்ளன் எண்டியள், அண்ணை. அதுக்குப் பிறகு தெரியாது எண்டு சொல்ல ஏலுமே?"

அப்பா என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

மாமா மெதுவாகச் சொன்னார். "இப்ப நீங்கள் கையை நீட்டுங்கோ. அரை அடி வந்தது எண்டு சொல்லுங்கோ. நான் நாளைக்கே கழட்டி வைக்கிறன்."

அப்பா சாமியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கை எழும்பவே இல்லை.

"எனக்கும் வடிவாத் தெரியாதடா, நாதன்..."

அம்மா தலையில் கையை வைத்தார். "கடவுளே! தெரியாத ரெண்டு பேரும் சேர்ந்தே இவ்வளவு நாளும் எங்களைப் போட்டு வதைச்சனீங்கள்?"

இதற்கு அந்தக் காலத்துச் சட்டத்தில் என்ன வழி என்று நான் அவசரமாகப் போனைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா மாமாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அன்னதானத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். மாமா கண்ணைத் துடைத்தார். அப்பா ஏதோ சொன்னார்... எனக்குக் கேட்கவில்லை. அந்த அரை அடியை அதற்குப் பிறகு ஒருவரும் அளக்கவில்லை.

இப்போது மாமா மகளோடு கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் மிக நல்லவர்கள். பார்சல் வாங்கி வைப்பார்கள், கிறிஸ்மஸுக்குக் கார்ட் போடுவார்கள். அவர்களோடு ஒரு சண்டையும் இல்லை. சண்டை பிடிக்கும் அளவுக்குப் பழக்கமும் இல்லை.

அப்பா மாதத்தில் ஒரு தடவையாவது விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி, லண்டன் முழுக்கக் கடந்து, பார்க்கிங்கில் இறங்குகிறார். போன முறை நானும் போனேன்.

கதவைத் திறந்ததும் மாமா, "என்ன அண்ணை, ட்ரெயினைத் தள்ளிக்கொண்டே வந்தனீங்கள்?"

அப்பா சிரித்தார் பாருங்கள்... அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் கேட்டுக் கனகாலம்.